குடலில் குடியிருப்போர்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த கறுப்பர்கள் 20 பேர் இரண்டு வாரங்களுக்குத் தங்கள் வழக்கமான சாப்பாட்டை ஒதுக்கிவைத்தார்கள். மக்காச்சோளம், பயறு, காய்கறி என்று ஆப்பிரிக்கக் கிராமத்துப் பாணியில் அவர்களுக்குப் பரிமாறப்பட்டது. இன்னொரு பக்கம், தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நேட்டால் கிராமங்களைச் சேர்ந்த 20 பேருக்கு அமெரிக்க விருந்து: சாசேஜ், ஹாம்பர்கர், பொரித்த உருளைக்கிழங்கு. அமெரிக்கர்கள் சாப்பிட்ட நார்ச்சத்து நாளொன்றுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. ஆப்பிரிக்கர்களின் அளவு 66 கிராமிலிருந்து 12 கிராமாகச் சரிந்தது.

விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தத் தட்டு மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கடுமையான கணக்கு இருந்தது. ஆண்டுதோறும் ஒரு லட்சம் அமெரிக்கக் கறுப்பர்களில் 65 பேரைப் பெருங்குடல் புற்றுநோய் தாக்குகிறது. தென்னாப்பிரிக்கக் கிராமத்தவரில் அது 5 பேருக்கும் குறைவு. மூதாதையர் ஒரே கண்டத்தவர். வித்தியாசம் எங்கே? சோதனை தொடங்குமுன் எல்லோருடைய குடலையும் குழாய் விட்டுப் பார்த்தபோது, அமெரிக்கர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சிகள் இருந்தன. பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடியவை இவை. ஆப்பிரிக்கர்களில் ஒருவருக்குக்கூட இல்லை.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓகீஃபும் அவரது சகாக்களும் 2015இல் வெளியிட்ட முடிவுகள் குடல் மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தன. பதினான்கே நாட்களில் அமெரிக்கர்களின் குடல் சுவரில் அழற்சி குறைந்திருந்தது. அங்கே செல்கள் பெருகும் வேகமும் தணிந்திருந்தது. ஆப்பிரிக்கர்களிடம் எல்லாம் தலைகீழ். இரண்டு வாரத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்துவிடாது, வந்தது போய்விடவும் செய்யாது. இவர்கள் அளந்தது ஆபத்தின் அறிகுறிகளை மட்டுமே. ஆனால் அந்த அறிகுறிகள் இவ்வளவு சீக்கிரம் இடம் மாறும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை.

மாறியது மனிதர்களின் உடல் மட்டுமல்ல. உள்ளே குடியிருந்தவர்களின் தொழிலும் மாறியிருந்தது.

மனிதக் குடலில், குறிப்பாகப் பெருங்குடலில், வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி. மனிதனின் சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. (பாக்டீரியாக்கள் பத்து மடங்கு அதிகம் என்று பல ஆண்டுகள் புத்தகத்துக்குப் புத்தகம் எழுதப்பட்டு வந்தது. 2016இல் இஸ்ரேலிய விஞ்ஞானிகள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்தக் கதை முடிவுக்கு வந்தது.) எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால் கால் கிலோ தேறாது. ஆனால் மனித உடலால் செய்ய முடியாத ஒரு காரியத்தை இவை செய்கின்றன. நார்ச்சத்தைச் செரிக்க மனிதனிடம் நொதிகள் இல்லை. வயிற்றையும் சிறுகுடலையும் தாண்டி அது அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேருகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன. இட்லி மாவில் நடப்பதைப் போன்ற வேலைதான்.

புளிப்பில் கிடைக்கும் பொருட்களில் ஒன்று பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலம். பெருங்குடலின் உட்சுவரில் உள்ள செல்களுக்குப் பிரதான எரிபொருள் இதுவே. தமக்குத் தேவையான சக்தியில் பெரும்பகுதியை அவை ரத்தத்தில் வரும் சர்க்கரையிலிருந்து எடுப்பதில்லை, பாக்டீரியா தயாரித்துத் தரும் இந்த அமிலத்திலிருந்து எடுக்கின்றன. புற்று செல்லின் சுபாவம் வேறு. அது சர்க்கரையை விழுங்கி வாழ்வது. பியூட்டிரேட்டை எரிக்கத் தெரியாததால் அது உள்ளே தேங்குகிறது. தேங்கிய பியூட்டிரேட், மரபணுக்களைத் திறந்து மூடும் சில நொதிகளைத் தடுக்கிறது. விளைவாக, பெருகிக்கொண்டே போக வேண்டிய செல் தயங்குகிறது, சில சமயம் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. ஒரே பொருள் நல்ல செல்லுக்கு உணவு, கெட்டுப்போன செல்லுக்கு நஞ்சு. சோதனைக்கூடத் தட்டுகளில் இது தெளிவாகவே தெரிகிறது. அழற்சியைத் தணிக்கும் வேலையும் பியூட்டிரேட்டுக்கு உண்டு. ஓகீஃபின் சோதனையில் அமெரிக்கர்களின் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது, ஆப்பிரிக்கர்களுடையது பாதியாகக் குறைந்தது.

பியூட்டிரேட்டின் பெயரிலேயே வெண்ணெய் இருக்கிறது. அப்படியானால் நெய்யை ஊற்றிச் சாப்பிட்டால் போதுமே என்று யாருக்காவது தோன்றலாம். வெண்ணெயிலும் நெய்யிலும் அந்த அமிலம் இருப்பது உண்மை. ஆனால் அது மேலேயே, சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு விடுகிறது. பெருங்குடலுக்குச் சரக்கு போய்ச்சேர வேண்டுமானால் அங்கேயே தயாரானால்தான் உண்டு.

நார்ச்சத்துக்கும் புற்றுநோய்க்கும் முடிச்சுப் போட்டவர் டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர். உகாண்டாவில் பணிபுரிந்த காலத்தில் குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுநோயை 1958இல் விவரித்து, அதற்குத் தன் பெயரையே தந்தவர். தாயகத்தில் சகஜமான பெருங்குடல் புற்றுநோய் ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிகளில் அபூர்வமாக இருந்தது அவரை உறுத்தியது. பர்கிட்டும் கூட்டாளிகளும் கௌரவம் பார்க்காமல் மலத்தை எடை போட்டார்கள். உகாண்டா கிராமத்தவரின் ஒரு நாள் மலம் பிரிட்டிஷ் கடற்படைக் குடும்பத்தினருடையதைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனத்தது. உணவு குடலைக் கடக்க எடுத்த நேரமோ பாதிக்கும் குறைவு. நார்ச்சத்து துடைப்பம் போலக் கூட்டித் தள்ளிவிடுகிறது என்பது அவரது விளக்கம். 1993இல் அவர் இறந்தபோதும் பெரும்பாலான மருத்துவர்களுக்கு இந்த விஷயத்தில் துடைப்பம்தான் தெரியும், துடைப்பத்தைத் தின்று வாழ்பவர்கள் தெரியாது.

பர்கிட்டின் கருத்து நேர்க்கோட்டில் வென்றுவிடவில்லை. 2000இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய பரிசோதனைகளின் முடிவு வந்தது. ஏற்கனவே பாலிப் அகற்றப்பட்டவர்களுக்குச் சில ஆண்டுகள் ஒன்றில் நார்ச்சத்து மிகுந்த, கொழுப்பு குறைந்த உணவும், மற்றொன்றில் கோதுமைத் தவிடும் தரப்பட்டன. பாலிப் திரும்ப வருவதை இரண்டுமே தடுக்கவில்லை. நார்ச்சத்தின் கதை முடிந்தது என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. நான்கு ஆண்டு போதாது, ஐம்பது வயதுக்கு மேல் தொடங்கினால் பலன் இராது என்று சமாதானம் சொன்னவர்களும் உண்டு. 2019இல் உலகெங்கும் நடந்த 185 நீண்டகால ஆய்வுகளையும் 58 மருத்துவச் சோதனைகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது தராசு மறுபடி பர்கிட் பக்கம் சாய்ந்தது. நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய், இதயநோய், நீரிழிவு ஆகியவை 15 முதல் 30 சதவீதம் குறைவாக வந்திருந்தன. நாளொன்றுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இடையில் வந்த இன்னொரு முடிவு யாரும் எதிர்பாராதது. லின்ச் நோய்க்குறி எனப்படும் பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். பிரிட்டனின் நியூகாசிலைச் சேர்ந்த மரபியல் பேராசிரியர் ஜான் பர்ன் தலைமையில் பல நாடுகளில் நடந்த சோதனையில், இப்படிப்பட்ட 463 பேருக்குத் தினமும் 30 கிராம் செரிக்காத மாவுச்சத்து தரப்பட்டது. சற்றே காயான வாழைப்பழத்தில் இருப்பது போன்ற இந்த மாவும் நார்ச்சத்தைப் போலவே பெருங்குடல் வரை போய்ப் பாக்டீரியாவுக்கு இரையாகும். 455 பேருக்கு வெற்றுப் பொடி. பெருங்குடல் புற்றுநோய் இரு தரப்பிலும் ஒரே அளவில் வந்தது. ஆனால் 2022இல் வெளியான நீண்டகாலக் கணக்கில், இரைப்பை, கணையம் போன்ற பிற இடங்களில் வந்த புற்றுநோய் மாவு சாப்பிட்டவர்களில் 27 பேருக்குத்தான். வெற்றுப் பொடிக்காரர்களில் 48 பேருக்கு. குடலின் ஒரு முனையில் தின்னப்படும் தீனி வேறெங்கோ காவல் காக்கிறது. பித்த அமிலங்களைப் பாக்டீரியாக்கள் மாற்றும் விதத்தில் காரணம் இருக்கலாம் என்பது பர்ன் குழுவினரின் ஊகம்.

குடியிருப்போர் எல்லோரும் நல்லவர்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வயிற்றில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி இரைப்பைப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. எல்லோர் குடலிலும் சாதாரணமாக இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவில் ஒரு சில வகைகள் கோலிபாக்டின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. அது மனித செல்லின் டி.என்.ஏ.வைக் காயப்படுத்தி, தனக்கே உரிய தழும்பை விட்டுச் செல்கிறது. 11 நாடுகளைச் சேர்ந்த 981 பெருங்குடல் புற்றுக்கட்டிகளின் மரபணுக்களைப் படித்த 2025ஆம் ஆண்டு ஆய்வில், 40 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம் இந்தத் தழும்பு 70 வயது தாண்டியவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் அதிகமாகத் தெரிந்தது. காயம் பட்டது குழந்தைப் பருவத்திலேயே என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. பல நாடுகளில் இளவயதினரிடம் இந்த நோய் ஏன் கூடுகிறது என்ற புதிருக்கு ஒரு துப்பு கிடைத்திருக்கிறது.

இதுவரை சொன்னது நோய் வருமுன். நோய் வந்த பிறகும் பாக்டீரியாக்களுக்கு வேலை இருக்கிறது என்பது சிகாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டு கூண்டு எலிகளால் தெரியவந்தது. தாமஸ் கஜெவ்ஸ்கியின் ஆய்வுக்கூடத்தில் ஒரே இன எலிகள் இரண்டு வெவ்வேறு பண்ணைகளிலிருந்து வாங்கப்பட்டிருந்தன. இரண்டுக்கும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் ஏற்றப்பட்டது. ஒரு பண்ணை எலிகளில் கட்டி மெதுவாக வளர்ந்தது, மற்றதில் வேகமாக. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டதும் வித்தியாசம் மறைந்துவிட்டது. எலிகளுக்கு ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்னும் பழக்கம் உண்டு. எனவே சந்தேகம் பாக்டீரியா மீது விழுந்தது. தேடியதில் கிடைத்த பெயர் பிஃபிடோபாக்டீரியம். அதை வேகக்காரக் கட்டி எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி மட்டுப்பட்டது. புற்றுநோய் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது ஏறக்குறைய நின்றே போனது.

அந்த மருந்து சாதாரண மருந்தல்ல. புற்று செல்கள் உடலின் காவல் செல்களுக்கு பிரேக் போட்டுவிட்டுத் தப்பிக்கின்றன. அந்த பிரேக்கை விடுவிக்கும் மருந்துகளுக்கு வழிகாட்டிய அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனும் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். சாவின் விளிம்பிலிருந்து சிலரை ஆண்டுக்கணக்கில் மீட்ட மருந்துகள் இவை. சிக்கல், பலருக்கு அவை பலிப்பதே இல்லை. ஏன் என்பதற்கான பதிலில் ஒரு பகுதி குடலில் இருக்கிறது என்று 2015இல் சிகாகோவும் பாரிஸும் ஒரே நேரத்தில் சொல்லின. 2018இல் ஹூஸ்டனும் சேர்ந்துகொண்டது. மருந்து பலித்த நோயாளிகளின் மலத்தில் இருந்த பாக்டீரியாக் கூட்டம் வேறு, பலிக்காதவர்களுடையது வேறு.

பாரிஸ் குழுவைச் சேர்ந்த லாரன்ஸ் சித்வோகெல் கண்டது இன்னும் கவலைக்குரியது. நுரையீரல், சிறுநீரகம் முதலான புற்றுநோய்களுக்கு இம்மருந்து பெற்ற 249 பேரில் 69 பேர் அதையொட்டிய நாட்களில் ஏதோ ஒரு காரணத்துக்காக ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தார்கள். சாப்பிடாதவர்களில் பாதிப் பேர் 20 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள். சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்துபோனார்கள். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டவர்கள் முதலிலேயே மோசமான நிலையில் இருந்திருக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே பாக்டீரியாக்களை இழந்த எலிகளிடமும் மருந்து தோற்றது. அக்கர்மான்சியா என்ற ஒரு பாக்டீரியாவைத் திருப்பிக் கொடுத்தபோது மருந்து மீண்டும் வேலை செய்தது.

இந்தியாவில் இந்தச் செய்தியின் கனம் அதிகம். இங்கே இம்மருந்தின் முழு அளவு பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத விலை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் வழக்கத்தில் ஒரு சிறு பங்கே ஆன, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் நிவோலுமாப் கொடுத்துப் பார்த்தார்கள். வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றியவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். 2022இல் வெளியான இந்த முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. அப்படிச் சிக்கனமாகத் தரப்படும் மருந்து, தெருமுனை மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய நான்கு மாத்திரையால் வீணாகுமானால் என்ன சொல்வது? முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்1 அட்டவணை 2014இலிருந்து அமலில் இருக்கிறது. தடுமனுக்கும் வயிற்றுப்போக்குக்கும் அதே மாத்திரையைக் கேட்டு வாங்கும் பழக்கமும் கூடவே இருக்கிறது. கீமோதெரபியால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக் உயிர் காப்பது. அதை மறுக்கும் டாக்டர் யாரும் இல்லை. கேள்வி தேவையில்லாமல் போகும் மாத்திரைகளைப் பற்றியது.

மருந்து பலித்தவரின் பாக்டீரியாவைப் பலிக்காதவருக்குக் கொடுத்தால் என்ன? கேட்க அருவருப்பாக இருந்தாலும் செய்து பார்த்துவிட்டார்கள். 2021இல் பிட்ஸ்பர்க்கில் மருந்துக்கு மசியாத 15 மெலனோமா நோயாளிகளுக்கு, பலித்தவர்களின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்கள் குடலில் செலுத்தப்பட்டன. 6 பேருக்குப் பலன் தெரிந்தது. இஸ்ரேலில் 10 பேரில் 3 பேருக்கு. கைவிடப்பட்ட நிலையில் இது சிறிய எண்ணிக்கை அல்ல. ஆனால் வீட்டில் முயன்று பார்க்கும் விஷயமும் அல்ல. 2019இல் அமெரிக்காவில், சரியாகச் சோதிக்கப்படாத மல மாற்றத்தில் எதற்கும் அடங்காத ஈ.கோலை வந்து சேர்ந்து ஒருவர் இறந்தார்.

இவ்வளவையும் படித்தவர் அடுத்ததாகப் போகும் இடம் மருந்துக் கடை. புரோபயாடிக் என்ற பெயரில் கேப்ஸ்யூல்கள் வரிசையாக நிற்கின்றன. நல்ல பாக்டீரியா கோடிக்கணக்கில் உள்ளே இருப்பதாக டப்பா சொல்கிறது. 2021இல் ஹூஸ்டன் ஆய்வாளர்கள் ஜெனிஃபர் வார்கோ தலைமையில் இதைத்தான் சோதித்தார்கள். கடையில் வாங்கிய புரோபயாடிக் சாப்பிட்ட மெலனோமா நோயாளிகளுக்கு எந்த நன்மையும் தெரியவில்லை. எலிகளுக்கோ தீங்கே நேர்ந்தது. வெளியிலிருந்து வந்த ஒரே வகைப் பாக்டீரியா பெருகி மற்றவற்றை ஒடுக்கிவிட, மருந்து பலமிழந்தது. அதே ஆய்வில் உணவு விவரம் கிடைத்த 128 பேரில், நார்ச்சத்து நிறையச் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் நீண்டது. ஒவ்வொரு 5 கிராம் கூடுதல் நார்ச்சத்துக்கும் நோய் முற்றவோ மரணம் நேரவோ உள்ள ஆபத்து 30 சதவீதம் குறைந்தது. நார்ச்சத்து நிறையச் சாப்பிட்டு, புரோபயாடிக் பக்கமே போகாதவர்கள்தான் எல்லோரையும்விட நன்றாக இருந்தார்கள். இதைக் கேட்டு கேப்ஸ்யூல் வியாபாரம் படுத்துவிட்டதாகத் தகவல் இல்லை.

5 கிராம் என்பது எவ்வளவு? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து. கோதுமை ஆட்டாவிலும் கிட்டத்தட்ட அதே அளவு. அதே கோதுமையைச் சலித்து மைதாவாக்கினால் 3 கிராமுக்கும் குறைவு. தீட்டிய வெள்ளை அரிசியும் அப்படித்தான். முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம். ஒரு கைப்பிடி சுண்டலில் கணக்கு தீர்ந்துவிடும். திடீரென்று ஏற்றினால் வயிறு ஊதும், காற்றுப் பிரியும். உள்ளே புளிப்பு வேலை தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் வீட்டிலுள்ளோருக்கும் தொந்தரவு இராது. குடலில் அறுவை சிகிச்சை ஆனவர்களும் அடைப்பு உள்ளவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

அரிசி ஆலைகளில் நெல்லிலிருந்து தீட்டி எடுக்கப்படும் தவிடு ஒரு பக்கம் எண்ணெய் ஆலைக்கும் ஒரு பக்கம் மாட்டுத் தொட்டிக்கும் போகிறது. புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களை நம்பியே வயிறு வளர்க்கும் பிராணி மாடு. தவிட்டுக்கு அது மறுப்புச் சொல்வதில்லை.